பனியனுக்குப் பேசினீர்கள், ஆளுக்கும் பேசுங்கள்: வெளியுறவுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருப்பூரில் ஏற்றுமதியாளர்களுக்காக நடந்த விளக்கக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வளைகுடா நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட, இனிச் செய்யப்போகிற வணிக ஒப்பந்தங்களால் பனியன் தொழிலுக்கு என்ன லாபம் என்று ஓர் அதிகாரி விளக்கினார். தெளிவாகவே விளக்கினார். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "இந்த ஒப்பந்தத்துல அங்க வேலை செய்யற நம்ம ஆளுங்களப் பத்தி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "அது வேற துறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த வேற துறை உங்களுடையது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வணிகம் ஒரு அமைச்சகம், தொழிலாளர் நலன் இன்னொரு அமைச்சகம் என்று டெல்லியில் பிரித்து வைத்திருக்கலாம். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நாடு ஒன்றுதான். நம் துணியையும் நம் ஆளையும் வாங்குவது அதே நாடுதான்.

2022 பிப்ரவரி 18 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தோடு விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஆடைகளுக்கு அங்கே இருந்த 5 விழுக்காடு வரி நீங்கியது. இந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதில் மகிழ்ந்தோம். அந்த ஒப்பந்தத்தில் சரக்கு, சேவை, முதலீடு, டிஜிட்டல் வணிகம், அறிவுசார் சொத்துரிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல் இருக்கிறது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கிற அந்த நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமைக்கென்று ஓர் இயல் இல்லை. ஐந்து விழுக்காடு வரிக்காகப் பேசத் தெரிந்த நமக்கு, ஒரு வெல்டரின் ஐந்து மாதச் சம்பளத்துக்காகப் பேச அந்த மேசையில் இடமில்லாமல் போயிருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன், அதாவது தொழிலாளர் விதிகளும் பாதுகாப்பு விதிகளும் கம்பெனியில் சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற வேலை. எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்டர் வந்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான். சில பேர் சொல்லிவிட்டு வருவார்கள், சில பேர் சொல்லாமலே கேட்டுக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் தெரியுங்களா? அவசர வழிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, வேலை நேரத்தில் பூட்டு தொங்குகிறதா. தீயணைப்பு உருளையின் தேதி. தையல் மெஷின்கள் இருக்கிற பவர் டேபிள் வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்ட நடைபாதையில் துணிக்கட்டு கிடக்கிறதா. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எத்தனை பேர், ஆளுக்கொரு கட்டில் உண்டா, கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒன்று. சம்பள ரிஜிஸ்டர், ஓ.டி. கணக்கு, வங்கிக்குப் போன தொகை மூன்றும் ஒத்துப்போகிறதா. அப்புறம் மேனேஜரை வெளியே போகச் சொல்லிவிட்டு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் பாஷையிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "உன் அசல் சான்றிதழ், ஆதார் அட்டை யார்கிட்ட இருக்கு?" கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் போதும். அந்த ஆர்டர் போய்விடும்.

2013 ஏப்ரலில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்த பிறகு இந்தக் கெடுபிடி இன்னும் கூடியது. 2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் ஒரு சட்டமே வந்துவிட்டது. அங்கே உள்ள பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தருகிற இடங்களில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பெர்லினில் போட்ட சட்டம் அவிநாசி ரோட்டு கம்பெனியின் ஹாஸ்டல் வரை எட்டுகிறது. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கொங்கு வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்பிள்ளைகளை விடுதிக்குள்ளேயே வைத்து, மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்று வேலை வாங்கிய காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அது குறைந்ததற்கு நீதிமன்றமும் தொண்டு அமைப்புகளும் காரணம், வெளிநாட்டு பையரின் நெருக்குதலும் ஒரு காரணம். கேட்கிற இடத்தில் இருப்பவர் கேட்டால் நடக்கிறது. நான் பார்த்தது அதுதான்.

இனி என் தம்பியைப் பற்றி. சித்தி மகன், காங்கேயம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து கோவையில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். வளைகுடாவுக்குப் போனான். நாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை, அவனோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஏஜெண்ட் வாங்கியது ஒண்ணேகால் லட்சம். ரசீது கொடுத்தது முப்பதாயிரத்துக்கு. சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அந்த முப்பதாயிரமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இறங்கியதும் விமான நிலையத்திலேயே கம்பெனி ஆள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான். இங்கே சொன்ன சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அரபியில் ஒரு தாளில் கையெழுத்து. கேம்பில் ஓர் அறையில் பன்னிரண்டு பேர். ஒரு வருடம் ஓடியது. பிறகு சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்து, கடைசி ஐந்து மாதம் ஒன்றுமே வரவில்லை. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் பாஸ்போர்ட் அவர்கள் கையில். சித்திக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்கு வரவும் அதே காரணத்தால் முடியவில்லை.

வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக உங்கள் அமைச்சகம் நடத்துகிற 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிந்தோம். கம்பெனியைத் தொடர்பு கொண்டதாகவும், உள்ளூர் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் பதில் வந்தது, புகார் முடிக்கப்பட்டது. பாஷை தெரியாத, கையில் அடையாளத் தாள் இல்லாத, சம்பளம் இல்லாத ஒருவன் வேற்று நாட்டில் வழக்கு நடத்த வேண்டும் என்பதுதான் அந்தப் பதிலுக்கு அர்த்தம். தூதரகத்தில் ஒருவர் போனில் பரிவாகப் பேசினார், அதை மறைக்கமாட்டேன். அவராலும் செய்ய முடிந்தது, பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப உதவுகிற ஒரு அவுட் பாஸ் கொடுத்ததுதான். அவன் பெண்சாதியின் நகையை அடகு வைத்து டிக்கெட் போட்டு அவனை வரவழைத்தோம். பாஸ்போர்ட்டும் ஐந்து மாதச் சம்பளமும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

பாஸ்போர்ட் சட்டம், 1967, பிரிவு 17 என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. என் தம்பியின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிற அந்தக் கம்பெனி பூட்டி வைத்திருப்பது இந்திய அரசின் சொத்தை. வளைகுடா நாடுகளின் சட்டங்களும் அதைத் தடுக்கின்றன. இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே பக்கம் நிற்கும்போது, நம் தூதரகம் அதைத் திரும்பக் கேட்டு வாங்காமல் வேறொரு தாளை அச்சடித்துக் கொடுத்து ஆளை ஊருக்கு அனுப்புகிறது. என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது இது. எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஆதார் அட்டைக்காக ஆர்டரையே ரத்து செய்கிறார்கள், ஐயா.

2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. தூக்கத்திலிருந்தவர்கள் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், ஏழு பேர் தமிழ்நாட்டவர். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்துக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கம்ப்ளையன்ஸ் பார்க்கிற எனக்கு அன்று தோன்றியது இதுதான்: அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு முன் இந்தியா சார்பில் யாராவது போய், மாடிப்படியையும் கதவையும் பார்த்திருந்தால்? ஸ்வீடன் பையருக்கு எங்கள் ஹாஸ்டலுக்குள் வர ஒப்பந்தம் வழி தருகிறது. நம் பிள்ளைகள் தூங்குகிற கட்டடத்துக்குள் நம் தூதரக ஆள் போக எந்த ஒப்பந்தம் வழி தருகிறது?

வேலைக்கு ஆள் அனுப்புவது பற்றி வளைகுடா நாடுகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, தெரியும். கத்தாரோடு 1985-லேயே, அமீரகத்தோடு 2006-ல், குவைத்தோடு 2007-ல். அவற்றுக்குக் கூட்டுக் குழுக்களும் உண்டு. அந்தக் குழு எப்போது கூடியது, எத்தனை பேருடைய பாக்கிச் சம்பளத்தைப் பேசி வாங்கியது என்று எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வழியில்லை. மீறினால் என்ன என்ற கேள்விக்கு அவற்றில் பல் இல்லை. வணிக ஒப்பந்தத்தில் மீறினால் விலை உண்டு. அதனால்தான் தொழிலாளர் உரிமை அங்கே வந்து உட்கார வேண்டும் என்கிறேன்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2024-ல் ஸ்விட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரங்கள் பற்றிய பகுதி இருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் தொழிலாளருக்கென ஓர் இயலே இருக்கிறது. அவர்கள் கேட்டார்கள், நாம் ஒத்துக்கொண்டோம். பிரிட்டனுக்குக் கம்பெனி அனுப்பி வைக்கிற ஊழியர்கள் இரண்டு நாட்டிலும் சமூகப் பாதுகாப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று தனி உடன்பாடும் பேசி வாங்கினீர்கள். படித்த பிள்ளைகளுக்கு நல்லதுதான். வெல்டருக்கும் டிரைவருக்கும் பேசும்போது மட்டும் அந்தக் குரல் ஏன் தாழ்ந்துபோகிறது?

பிலிப்பைன்ஸ் நம்மைவிடச் சின்ன நாடு. 2018-ல் குவைத்தில் ஒரு வீட்டுவேலைப் பெண் கொல்லப்பட்டது தெரிந்ததும் ஆள் அனுப்புவதையே நிறுத்தி, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைக்கக் கூடாது, போன் வைத்துக்கொள்ள விட வேண்டும், வாரம் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் விட்டது. தொழிலாளரைப் பாதுகாக்காத நாட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை என்பது 1995 முதல் அவர்களின் சட்டம். நாம் என்ன செய்தோம்? 2020 செப்டம்பரில், கொரோனாவில் நம் ஆட்கள் வேலை இழந்து தவித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் அமைச்சகம் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தையே, அதாவது இதற்குக் குறைவான சம்பளத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று வைத்திருந்த அளவையே, குறைத்தது. பல வேலைகளுக்கு 30 முதல் 50 விழுக்காடு வரை. வேலைவாய்ப்பைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னீர்கள். தெலங்கானா உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகு 2021-ல் அது திரும்பப் பெறப்பட்டது. முதலாளி கேட்பதற்கு முன் நம் அரசே நம் ஆளின் கூலியைக் குறைத்துக் காட்டியது எங்களுக்கு ஆறவில்லை.

கூலி கேட்டால் நேபாளத்துக்காரன் வந்துவிடுவான், வங்கதேசத்துக்காரன் வந்துவிடுவான் என்று பயமுறுத்துகிறார்கள். அங்கே போய் நம் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். பையர் பேரம் பேசுகிற வித்தை இது, திருப்பூரில் எங்களுக்கு அத்துப்படி. ஆள் அனுப்புகிற நாடுகள் சேர்ந்து ஒரு தரைக்கூலியை, இதற்குக் கீழே இறங்கமாட்டோம் என்கிற கூலியை, சொன்னால் இந்த வித்தை பலிக்காது. அதற்கான மேடையும் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய கொழும்புச் செயல்முறையில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் எல்லாம் உறுப்பினர். 2024-ல் அதன் தலைமைப் பொறுப்பு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. 2014-ல் காத்மாண்டு சார்க் மாநாட்டில் தெற்காசியத் தொழிலாளரின் பாதுகாப்பான இடப்பெயர்வுக்கு ஒத்துழைப்போம் என்று நாமும் சேர்ந்து அறிவித்தோம். அதற்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே கூடவில்லை. புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான 1990-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கையும் வங்கதேசமும் இணைந்துவிட்டன. இந்தியா இன்னும் இணையவில்லை.

2023 மார்ச்சில் திருப்பூரில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. சில நாட்களில் பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து இறங்கியது. தொழிலாளரிடம் நேரில் பேசினார்கள். நம் காவல்துறை இந்தியில் உதவி எண் கொடுத்தது. ஒரு மாநில அரசு, தன் ஆட்கள் வேலை செய்கிற ஊருக்கு வந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை, மரியாதைதான் வந்தது. பாட்னா திருப்பூருக்குச் செய்ததை டெல்லி சவூதியின் தம்மாமுக்கும் அமீரகத்தின் ஷார்ஜாவுக்கும் செய்யலாம்.

இன்னொன்று, இது தமிழ்நாட்டில் அதிகம் பேரைத் தொடுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு தருகிற குடிபெயர்வு அனுமதி, பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குத் தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்றால், அந்த அனுமதியைத் தருகிற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் பார்வையும் இல்லை, பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம் அது! எங்கள் பக்கம் பத்தாவது தேறாத இளைஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தம்பி, நாமக்கல்லிலிருந்து போகிற கனரக வண்டி ஓட்டுநர், எல்லோரும் அந்த வலைக்கு வெளியே. 2022-ல் ஐ.டி. வேலை என்று நம்பி மியான்மரின் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய பட்டதாரிகளும் அப்படித்தான். ஈரோட்டிலும் திருச்செங்கோட்டிலும் வீட்டுக்கு வீடு இன்ஜினியர் இருக்கிற நிலையில் இந்த விதி யாரைக் காக்கிறது? 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தை மாற்ற 2019, 2021, 2025 என்று வரைவுமேல் வரைவு வந்ததைப் பார்த்தோம். வரைவு வந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நம்பினோம்.

2024-ல் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி சொல்கிறது. உலகிலேயே முதலிடம். அதைச் சொல்லிப் பெருமைப்படுகிற அரசிடம் நான் கேட்பவை இவை.

வளைகுடா நாடுகளோடு இனிப் பேசுகிற எந்த வணிக ஒப்பந்தத்திலும் தொழிலாளருக்கென ஓர் இயல் இருக்க வேண்டும். சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட், வேலை மாறும் உரிமை, தங்குமிடம் நான்கும் அதில் இருக்க வேண்டும், மீறினால் புகார் செய்து தீர்ப்புப் பெறும் வழியோடு. அமீரக ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யும்போது அதையும் சேருங்கள்.

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிற கம்பெனிக்கு, அது இந்திய அரசின் சொத்து என்று தூதரகமே எழுதிக் கேட்க வேண்டும். தராத கம்பெனியின் பெயரை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு, இங்கிருந்து ஆள் எடுக்க விடாதீர்கள். அவுட் பாஸில் ஊர் திரும்பியவரின் சம்பள வழக்கை தூதரகங்களில் இருக்கிற இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வக்கீல் வைத்துத் தூதரகம் தொடர்ந்து நடத்த வேண்டும்.

தொழிலாளர் தங்குமிடங்களுக்குள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரிந்த ஆளையும் கூட அனுப்புங்கள். கூட்டுக் குழுக்கள் கூடிய தேதியையும் எடுத்த முடிவையும் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வையுங்கள்.

கொழும்புச் செயல்முறையில் கூட்டுத் தரைக்கூலியை இந்தியாவே முன்மொழிய வேண்டும். 1990 உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். காப்பீடும் பதிவும் படிப்பைப் பார்க்காமல் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டும். கோவை விமான நிலையத்திலிருந்தே ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் விமானம் போகிறது, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு மட்டும் நாங்கள் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது. கோவையில் ஒன்று திறவுங்கள்.

என் தம்பியின் புகார் எண்ணும், வங்கிக் கணக்கு விவரமும், ஏஜெண்ட் கொடுத்த ரசீதும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் அலுவலகம் கேட்டால் அன்றே அனுப்புகிறேன். முடிக்கப்பட்ட அந்தப் புகாரை மறுபடி திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி ஊழியர்,
திருப்பூர்